கைராசிக் காசு

குற்றாலலிங்கத்தின் வலது கை எப்போதும் மூடியே இருக்கும். சாப்பிடும்போது மட்டும் உள்ளிருக்கும் காசு இடது கைக்கு மாறும். தூங்கும்போது கையோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் அபூர்வ உலோகக் காசுகளுக்குப் பஞ்சமில்லை. நயோபியம், டாண்டலம், ஹாஃப்னியம் எல்லாம் காற்று நீக்கிய பேழைகளில் சுகமாகக் கிடந்தன. கையில் இருந்த தொடுமக் காசுதான் பெட்டிக்குள் அடங்காத பிள்ளை. நிலாக் குடியிருப்பில் யாரும் காசைப் பதுக்கக் கூடாதென்று வேண்டுமென்றே அந்த உலோகத்தில் அடித்திருந்தார்கள். உயிருள்ள கையின் சூடும் நாடித்துடிப்பும் சேர்ந்து கிடைத்தால்தான் தொடுமத்தின் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும். அரை நாள் தவறினால் பொடிதான். சூட்டுப்பெட்டியில் வைத்து அதை ஏமாற்றப் பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். ஓர் அருங்காட்சியகம் பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தபோது கண்ணாடிக்குள் காசு ஒரு சிட்டிகைத் திருநீறு மாதிரி கிடந்தது. தெரிந்தவரை உலகத்தில் மிஞ்சியது இவருடையது மட்டும்தான்.

"உங்களால மட்டும் எப்படி அண்ணாச்சி முடியுது?" என்று எதிர்வீட்டு ஆவுடையம்மாள் கேட்பாள்.

"எல்லாம் நம்ம கைராசிம்மா" என்பார். யாரையும் தொடவிட மாட்டார். காசைப் பிடித்த கைக்கு இன்னொரு கையைப் பிடிக்க நேரமில்லாமல் போயிற்று என்று தெருவில் கேலி உண்டு. மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

ஒரு நாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். வந்து பார்த்த மருத்துவக் குழுவினர், குளிர்த்துயிலில் மூன்று நாள் கிடத்தி இதயத்தைச் சீராக்க வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, ஓடிவந்த ஆவுடையம்மாளின் கையில் காசைத் திணித்தார்.

"கைச்சூடு... விட்டுரக் கூடாது..." அதோடு நினைவு தப்பிவிட்டது.

அவள் பதறிப்போய் அடுத்த வீட்டு ஓவிய வாத்தியார் ஞானதிரவியத்திடம் ஓடினாள். "சார், இது அண்ணாச்சி கைராசியில நிக்க காசுல்லா! என் கையில பொடிஞ்சு போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

வாத்தியார் யோசித்தார். "அப்ப அவுக கையிலயே கொண்டுபோய் வச்சிருவோம். விழுந்துராம தெருவே முறை போட்டுப் பிடிச்சுக்கிடுவோம்."

மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா முதலில் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவர் கிடந்த குளிர்ப்பேழையில் கை நுழைக்கும் சாளரத்தைத் திறந்துவிட்டாள். கோயில் கொடை விழாவுக்கு முறை வைப்பதுபோல் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். அவர் உள்ளங்கையில் காசை வைத்து அதன்மேல் தங்கள் கையை வைத்து அழுத்திக்கொண்டார்கள். அந்தக் கை ஐஸ்கட்டியாய் இருந்தது. விறைத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே ஆள் மாற்றி ஆள் பிடித்தார்கள்.

கண் விழித்ததும் அவர் கேட்டது, "காசு?"

ஆவுடையம்மாள் தன் கையை எடுத்துக் காட்டினாள். காசு பளபளவென்று இருந்தது. "உங்க கைராசி லேசுப்பட்டதில்ல அண்ணாச்சி! நீங்க நாடியே இல்லாம கெடந்திய. அப்பவும் காசு அசையலையே!"

குற்றாலலிங்கம் டாக்டரைப் பார்த்தார். அவள் புன்னகையோடு தலையைத் தாழ்த்திக்கொண்டாள். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்று நாளும் ஊரிலேயே இந்தக் காசைக் காப்பாற்ற முடியாத கை அவருடையது ஒன்றுதான். ஆவுடையம்மாள் வீட்டிலிருந்தபடியே கை மாற்றி மாற்றிப் பிடித்திருந்தால் போதும். ஒருவரும் இங்கே வந்து நின்றிருக்க வேண்டியதில்லை. நல்லவேளை, தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை.

"ஆமாம்மா, கைராசிதான்" என்றார். யாருடையது என்று சொல்லவில்லை.

மறுவருடம் ஞானதிரவியம் படுத்த படுக்கையானார். குற்றாலலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை விரித்துக் காசை வைத்தார்.

"தொடவே விட மாட்டீரே, வே?"

"நம்ம கைராசி போயிட்டுது சார். இப்ப உங்க கையில வச்சாத்தான் நிக்குது."

வாத்தியாரின் விரல்களை மடக்கி, மேலே தன் கையை வைத்து மூடிக்கொண்டார். குற்றாலலிங்கம் வீட்டில் மற்ற காசுகள் யாருடைய கையும் தேவைப்படாமல் பத்திரமாக இருந்தன.