ஒரு சாண் வாய்

அரிசி களைந்த தண்ணீரைப் படித்துறையில் ஊற்றினால் குளத்துக் கெண்டைகள் அடித்துப் பிடித்து மேலே வரும். ஹிமானி வாழ்க்கைப்பட்டு வந்த நாளாய் அது தவறியதில்லை. பிரசவத் தீட்டுக் கழிந்து அவள் முதன்முதலாக இறங்கிய அந்தக் காலையில் ஒரு குஞ்சுகூட வரவில்லை. கரையோரத்தில் ஒரு மண்சட்டி உடைந்து கிடந்தது. மருத்துவச்சி அவள் நஞ்சுக்கொடியை வைத்துப் புதைத்த சட்டி. உள்ளே வழித்து நக்கியதுபோல் சுத்தமாக இருந்தது.

"நாய் தோண்டியிருக்கும், விடு," என்றான் புருஷன் துலால்.

நாய் தண்ணீருக்குள்ளிருந்தா தோண்டும்? பள்ளம் குளத்துப் பக்கமாகத்தான் சரிந்திருந்தது.

மூன்றாம் நாள், தண்ணீர் குடிக்கப் போன ஆட்டின் பாதி உடம்புதான் கரையில் கிடந்தது. துலால் கடிவாயை அளந்தான். முழங்கை முதல் விரல் நுனிவரை, ஒரு முழம். குளக்கரையில் ஊரே கூடிவிட்டது. வங்காளி சோறில்லாமல்கூட இருப்பான், மீனுக்குப் பேர் சொல்லாமல் இருக்கமாட்டான்.

"வாளைதான்."

"ஆமா, உங்க அப்பன் பிடிச்ச வாளைக்கு முழ வாய் இருந்துச்சு! போய்யா!"

கிழிந்த வலையோடு கரையேறிய மீன்காரன் நிமாய் மட்டும் சிரிக்கவில்லை. ஹிமானியை அண்ணி முறைவைத்து 'பௌதி' என்றுதான் கூப்பிடுவான். "மீசையைப் பாத்தேன், பௌதி. கெளுத்தி. நம்மூர்க் கெளுத்தி இல்ல, கசாப்புக் கழிவைப் போட்டு வளக்கிற சீமைச் சாதி. இச்சாமதி ஆத்து வெள்ளத்துல வந்திருக்கு. மழை பேஞ்சா தரையிலயே நெளிஞ்சு வரும். ருசி கண்ட ரத்தத்த விடாது."

ஹிமானி அந்த உடைந்த சட்டியை நினைத்தாள். அது முதலில் ருசி கண்டது ஆட்டின் ரத்தத்தை அல்லவே. அவள் ரத்தம். அவள் பிள்ளையின் ரத்தம்.

மறுநாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வலை வாங்கப் போன துலால் திரும்பவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாமென்றால் முற்றமெல்லாம் கணுக்காலளவு தண்ணீர். குழந்தையைக் கட்டிலில் கிடத்தி, வாசல் கதவைத் தாழிட்டு, குளத்தைப் பார்த்த அடுக்களைக் கதவுக்கு உள்ளே அரிவாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஓட்டில் மழை இரைந்தது. சேற்று நாற்றத்தோடு வேறொரு வாடையும் வந்தது, பேறுகால அறையின் வாடை. ஈரச் சாக்கை இழுப்பதுபோல் ஒரு சத்தம். நின்றது. மறுபடி இழுத்தது. குழந்தை அழ ஆரம்பித்தது. சத்தம் வேகமானது.

கதவு அதிர்ந்தது. அடிப்பலகை உடைந்தது. மீசை உள்ளே வந்தது. பிறகு தலை.

வெட்டினாள். எலும்பில் பட்டுத் தெறித்தது. மறுபடி வெட்டினாள். அது அவள் கணுக்காலைக் கவ்வி உதறியது, சதை கிழிந்தது. வெட்டினாள். கண்ணில். செவுளில். "சாவு! என் பிள்ளையா வேணும் உனக்கு? சாவுடி!" சுவரெல்லாம் ரத்தம். துள்ளல் அடங்கிய பிறகும் வெட்டினாள்.

அலறல் கேட்டு ஓடிவந்த துலாலும் நிமாயும் வாசல் கதவை உடைத்துத் திறந்து, கட்டிலைத் தாண்டி, நேரே அடுக்களைக்குள் பாய்ந்தார்கள்.

"அடியே, கொன்னுட்டியே!" துலால் அழுதுகொண்டே சிரித்தான். "நீ மனுஷியா, காளியா?"

நிமாய் குனிந்து, செத்த மீனின் வாயைப் பிளந்து, கையை விரித்து வைத்துப் பார்த்தான். மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"சாண்தான் இருக்கு, பௌதி."

"அதனால என்னடா?" என்றான் துலால்.

"ஆட்டைக் கடிச்சது முழம். இது குஞ்சு."

குழந்தையின் அழுகை எப்போது நின்றது? ஹிமானி திரும்பினாள்.

உடைந்த வாசலிலிருந்து கட்டில்வரை தரை வழவழவென்று மின்னியது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் முறமகலத்துக்கு ஒரு கறுத்த தலை எழும்பி நின்றது. அதன் மீசை ஒன்றைக் குழந்தை விரல் மடக்கிப் பிடித்திருந்தது. வாய் திறந்தது.