ஆறு பட்டை மாத்திரை

காலை ஆறரைக்கு மாமியார் குளியலறை வாசலில் வேர்த்துக் கொட்டிச் சரிந்தபோது, மருமகள்தான் ஓடிப்போய்த் தாங்கினாள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தாள். நாற்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. சீனியைக் கரைத்துப் புகட்டினாள்.  அப்போதுதான் கணவன் வாயைத் திறந்தான்.

"அளவு பார்த்துத்தானே ஊசி போட்டே? இல்ல, எப்படா இந்தத் தொல்லை ஒழியும்னு இருக்கா? இனிமே நீ அம்மாவைத் தொட வேண்டாம்."

எட்டு மாதமாக மூன்று வேளையும் இன்சுலின் ஊசி போடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! அச்சகத்தில் ஒன்பது வருஷம் பிழை திருத்தினவள் அவள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். மதிய ஊசிக்கு வீட்டில் ஆள் வேண்டுமென்று அந்த வேலையை விட்டவளும் அவளேதான்.  நினைவு திரும்பிய மாமியாரும் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்பதுதான் அதிகம் வலித்தது.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, ஈரலும் லேசாகக் கெட்டிருக்கிறது, வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். எல்லாம் இவள் பொறுப்பு என்று கணவன் மனைவியைக் காட்டினான்.

"அவளை ஏன்டா காட்டறே?" மாமியார் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "தின்னது நானு."

லவங்கப்பட்டைப் பொடி அடைத்த மாத்திரை. கூட நடக்க வருகிற அம்மாள் சொன்னாளாம், சர்க்கரை தானாக இறங்குமென்று. டப்பாவில் போட்டிருந்தது நாளுக்கு இரண்டு. மாமியார் விழுங்கியது ஆறு. போதாததற்கு, மருமகள் அந்தப் பக்கம் திரும்பும்போது இரவுச் சாப்பாட்டில் பாதியைக் குப்பையில் தள்ளியிருக்கிறார்.

இன்சுலினுக்கு லவங்கப்பட்டை மாற்று இல்லை, அளவு மீறினால் ஈரலுக்கும் ஆகாது என்றார் மருத்துவர். அரை வயிற்றுக்கு முழு ஊசி போட்டால் மயக்கம் வராமல் என்ன செய்யும்? ஊசி அளவில் தப்பே இல்லை.

"ஏன் அத்தை என்கிட்ட மறைச்சீங்க?"

"ஊசி நின்னுட்டா நீ திரும்ப வேலைக்குப் போகலாமேன்னு... தினமும் பேப்பர்ல தப்பு கண்டுபிடிச்சு பென்சிலால வட்டம் போட்டு வெக்கிறியே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு ஆறலைம்மா. காலையில பயத்துல வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது பெரிய தப்பு."

மருமகளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வந்த வேகத்திலேயே மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மாமியார் அவள் முதுகைத் தடவியபடியே மகனைப் பார்த்து, அவள் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகிறாள், மத்தியானம் ஊசி போட நீ வா என்று சொல்லிவிட்டார். அவன் தலை நிமிரவில்லை. ஊசியை எங்கே குத்துவது என்று மருத்துவரிடம் மெல்லக் கேட்டான்.

"பக்கத்துலயே ஆள் இருக்காங்களே, அவங்களைக் கேளுங்க."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "நான் பேசினது தப்பு. சொல்லிக்குடுப்பியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிக்குடுக்கிறேன். முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."