முதல் ஷெட் சொன்னது

செத்த கோழி ஒன்றுகூட இல்லை. பொற்கொடி காலையில் பக்கெட்டோடு முதல் ஷெட்டுக்குள் நுழைந்தால், எச்ச நெடியில் கண் எரிய எரிய, தரையில் பரப்பிய உமிக்குள் விறைத்துக் கிடக்கும் நாலைந்தையாவது பொறுக்கிக்கொண்டுதான் வெளியே வருவாள். சில நாட்களாகப் பக்கெட் காலி. பிசுபிசுத்த இறகுகள் மட்டும் கிடந்தன. சந்தோஷப்பட அவளால் முடியவில்லை.

ஷெட்டுக்கு ஒன்றாக நாலு கம்ப்யூட்டர் பெட்டிகளை அருண்குமார் கோயமுத்தூரிலிருந்து வந்து மாட்டிய பிறகுதான் இப்படி. கேமரா வழியாக ஷெட்டைப் பார்த்துத் தீவனம், விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நடத்துவது இப்போது பெட்டியின் பொறுப்பு.

"கம்மித் தீவனத்துல கோழி எடை ஏறோணும், அவ்வளவுதானுங்க அதுக்குத் தெரியும். அதுவே செஞ்சு பாத்துக் கத்துக்கும். ஒண்ணு கத்துக்கிட்டா, வயர் வழியா மத்த மூணுக்கும் யோசனை சொல்லிப்போடும்," என்று அவன் முதலாளி ரங்கராஜிடம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

ஒரு நாள் மத்தியானம் முதல் ஷெட்டின் சாக்குப் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தாள். தீவனத் தொட்டி வெறுமை. கோழிகளுக்குக் கொத்தும் வெறி ஏற்றும் கண் கூசும் வெள்ளையில் விளக்கு எரிந்தது. நோஞ்சான் கோழி ஒன்றைச் சுற்றி நின்று மற்றவை கொத்தின. அதற்கு இன்னும் உயிர் இருந்தது. குடல் உமியில் இழுபட இழுபட அது நடக்கப் பார்த்தது. பொற்கொடி அங்கேயே வாந்தி எடுத்தாள். கோழிகள் ஓடி வந்து அதையும் கொத்தித் தின்றன.

அடுத்து இரண்டாவது ஷெட்டிலும் பக்கெட் காலி. பிறகு மூன்றாவதிலும்.

நேற்று நொண்டி நாய் ஒன்று முதல் ஷெட்டுக்குள் புகுந்தது. உடனே ஃபேன் நின்றது. கோழிகளைப் போலப் புழுக்கத்துக்கும் நெடிக்கும் பழகாத நாய் மயங்கிச் சாய்ந்தது. சாயங்காலம் பல்லும் கொஞ்சம் மயிரும்தான் மிச்சம்.

"ஒரே நாள்ல எடை எகிறிப்போச்சு!" என்று ரங்கராஜ் சிரித்தார்.

"மெயின் சுவிட்ச அணைச்சுப்போட்டு வாரேன்," என்றான் அவள் புருஷன் வேலன், முதலாளி போனதும். சுவிட்ச் நாலாவது ஷெட்டின் கடைக்கோடியில் இருந்தது.

"வேண்டாமுங்க. நெடி பட்டா உங்களுக்கு இளைப்பு வந்துருமுங்க."

"அங்க இன்னும் செத்த கோழி கெடைக்குதல்ல? நாலாவது பெட்டி ஒண்ணையும் கத்துக்கல. பயப்படாத அம்மணி."

போனான். அவள் வாசலில் நின்றாள். உமியில் அவன் காலடி நொறுங்கும் சத்தம், கோழிகளின் முணுமுணுப்பு, அதற்கு நடுவே அவனுடைய இளைப்பு.

சாக்கின் ஓட்டைகளில் வெளிச்சம் வெள்ளையாகக் கூடியது.

ஃபேன் நின்றது.

இருமல். ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு மெத்தென்று என்னவோ விழுந்தது. முணுமுணுப்பும் அடங்கியது.

"ஏனுங்க!"

நாலாவது பெட்டி எதையும் செய்து பார்க்கத் தேவையில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாயைப் பற்றி முதல் ஷெட் அதற்கும் சொல்லியிருக்கும்.

படுதாவைக் கிழித்துத் தள்ளினாள். சுவிட்சுக்கு ஒரு முழம் முன்னால் வேலன் குப்புறக் கிடந்தான். விரல்கள் அசைந்தன. ஒரு கோழி அவன் முகத்தருகே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தது. கொத்தியது. நிமிர்ந்தபோது அலகில் ஈரமாக ஏதோ தொங்கியது.

பொற்கொடி உள்ளே கால் வைத்தாள்.

அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.