பக்கத்தில் யாரும் கை தட்டவில்லை

ஹெட்போனில் பாட்டு முடிந்ததும் அரங்கமே கை தட்டியது. ஆனால் பக்கத்தில் யாரும் தட்டவில்லை. கூட்டத்துக்குள் ஒளித்து எடுக்கிற திருட்டுப் பதிவு என்றால் பக்கத்து சீட்டுக்காரனின் இருமலும் விசிலும் 'உக்காருய்யா' என்ற அதட்டலும் பாட்டை முந்திக்கொண்டு வரும். இதில் எல்லாக் கைதட்டலும் எங்கோ அடுத்த தெருவில் பெய்கிற மழை மாதிரி தூரத்தில் கேட்டது. அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு டிரம்ஸ்காரனுக்கு போன் போட்டாள்.

"டேய் மொட்டை, இத யாருடா ரெக்கார்ட் பண்ணது?"

"தெரியல. டிரம்ஸ் பைக்குள்ள ஒரு பென் டிரைவ் கெடந்துச்சு, அப்படியே உனக்கு அனுப்பிட்டேன். ஏழுல நீ சொதப்பினது நல்லாவே கேக்குது."

"முழுசாக் கேட்டியா?"

"பாட்டு வரைக்கும்தான். அப்புறம் என்னமோ அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. வெச்சிரட்டா?"

பல வருஷங்களுக்கு முன் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துபோன அவர்களுடைய ப்ராக்ரஸிவ் ராக் குழு, போன சனிக்கிழமைதான் மறுபடி ஒரே மேடையில் ஏறியிருந்தது. ஒரு பாட்டே இருபது நிமிஷம் ஓடும். நடுவில் தாளம் ஏழுக்குத் தாவும்போது தலையாட்டிக் கேட்கிறவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் கீபோர்டில் அவள் ஒரு தட்டு பிந்தினாள். அது வெளியே தெரிந்ததா என்று பார்க்கவே இந்த மழை மத்தியானத்தில் உட்கார்ந்தாள். புருஷன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். காலையிலிருந்து காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த மகள், உள்ளறையில் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாளம் ஏழுக்குத் தாவுகிற இடத்துக்குப் போனாள். கிட்டாருக்கு அடியில், டிரம்ஸுக்கு அடியில், டொக் டொக்கென்று இன்னொரு சத்தம். அவளுடைய கீபோர்டின் கட்டைகள் விரல் பட்டு அமுங்குகிற வெறும் பிளாஸ்டிக் சத்தம் அது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்கூட அது காதில் விழாது. அவளுடைய தோளோடு தோளாக நின்றால்தான் விழும்.

மேடையில் அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

பாட்டு முடிந்தும் பதிவு ஓடியது. ஒயர்களைச் சுருட்டுகிற சத்தம். "நான் கொண்டுபோய் விடட்டா?" என்று மொட்டை கேட்கிறான், "கார் இருக்குடா" என்கிறாள் அவள். கார்க் கதவு அடைபடுகிறது. வழி நெடுக அவள் தனியாக முணுமுணுத்துக்கொண்டு வந்த மெட்டு. பிறகு சாவி. பிறகு, "அம்மா வந்துட்டியா?"

மவுஸில் இருந்த கை தானாகவே பதிவை முன்னால் தள்ளியது. குக்கர் விசில். மகள் வீட்டுப்பாடம் படிக்கிறாள். இன்னும் தள்ளினாள். மழை. இன்றைய மழை. மருந்துப் பாட்டிலைக் குலுக்குகிற சத்தம், "ஒரே வாய்டா செல்லம்" என்று கெஞ்சுகிற அவளது குரல். இன்னும். "டேய் மொட்டை, இத யாருடா ரெக்கார்ட் பண்ணது?"

அப்புறம் ஹெட்போனிலிருந்து கசிகிற பாட்டு, மெலிசாக. மவுஸின் கிளிக். அவள் மூச்சு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பதிவிலும் அவள் மூச்சு நின்றது. இன்னொரு மூச்சு நிற்கவில்லை.

திரும்பினாள். நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. ஹெட்போனைக் கழற்றினாள், மழைச் சத்தம் மட்டும். மாட்டினாள். நிதானமான, ஈரமான மூச்சு. அது இப்போது நகர்ந்தது. வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுபட்டது. சோபாவைத் தாண்டியது. உள்ளறைப் பக்கம்.

அவளும் எழுந்தாள். ஒயர் விறைத்து அவளைப் பிடித்து நிறுத்தியது. இந்த ஒயர் அறைவரை எட்டாது. கழற்றினால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் போகும். கழற்றாவிட்டால் குழந்தையிடம் போக முடியாது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

காதுக்குள் அறைக் கதவு கிறீச்சிட்டது. கட்டில் அமுங்கியது.

மகளின் குரல், தூக்கக் கலக்கத்தில், கொஞ்சலாக.

"மெதுவாம்மா. வலிக்குது."

ஹெட்போனைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடினாள்.

மகள் கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது, தலை சுகமாகப் பின்னால் சாய்ந்திருந்தது. அவளுக்குப் பின்னால் மெத்தை குழிந்திருந்தது. அந்தக் குழிக்கு மேலே வெறும் காற்றில், குழந்தையின் கூந்தல் மூன்றாகப் பிரிந்து, இறுக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டே போனது.