விளிம்பு மேடையில் நாற்பது நிமிடம்

அன்று காலை எட்டு மணிக்கு நல்லசிவம் இரண்டு கல்யாணங்களிலும் ஒரு கருமாதியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்தார். அதே எட்டு மணிக்குத் தன் வீட்டுக் குளியலறையில் பல்லும் துலக்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க் கிரகத்தில் இது பெரிய சங்கதி இல்லை. முகூர்த்த மாதத்தில் ஏழு பந்தியில் சாப்பிடுகிறவர்கள்கூட உண்டு.

எல்லாம் பதிலிகள் வந்த பிறகுதான். எந்த ஊர் நிலையத்திலும் வாடகைக்குப் பதிலிகள் வரிசையாக நிற்கும். இங்கிருந்தபடியே பெயரைச் சொன்னால் போதும். நான்கு நிமிடத்தில் அங்கே ஒன்று உங்கள் முகத்தை வரவழைத்துக்கொண்டு, நீங்கள் ஆயுள் முழுக்க எழுதிய செய்திகளைப் படித்து உங்கள் பேச்சையும் கற்றுக்கொண்டு, வேட்டி கட்டிக் கிளம்பிவிடும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். சாப்பிட்டது வயிற்றுப் பைக்குப் போகும். திரும்பி வந்ததும் பையைக் கழற்றிக் கழுவுவார்கள்.

மனிதரை அப்படியே நகல் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்தவர்கள் இரண்டு திருத்தங்களைச் சேர்த்துவிட்டார்கள். ஒன்று, பதிலி பொய் சொல்லாது. இரண்டு, யாராவது பேசத் தொடங்கிவிட்டால், 'போயிட்டு வர்றோம்' என்று சொல்லி முடிக்கும்வரை அது எதிரே இருப்பவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காது. மணிக்கட்டுத் திரையைப் பார்க்காது, வாசலைப் பார்க்காது. ஆகவே செவ்வாயில் பதிலியைக் கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைப் பார்த்துப் பேசினால் அது மனிதர் இல்லை. ஆனால் கண்டுபிடித்தாலும் கேட்கக் கூடாது. 'நீங்களா, பதிலியா?' என்று விருந்துக்கு வந்த ஒரு ஒரம்பரையைப் பார்த்துக் கேட்பதைவிட அவரைச் செருப்பால் அடித்துவிடலாம்.

நல்லசிவத்தின் மனைவி துளசிமணிக்குப் பதிலியை அனுப்ப முடியாத ஆசை ஒன்று இருந்தது. பெரும்பள்ளத்தின் விளிம்பில் நின்று சூரியன் நீலமாக மறைவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பூமியில் சிவப்பாக மறைகிற அதே சூரியன் செவ்வாயில் மறையும்போது தன்னைச் சுற்றி நீலம் பூசிக்கொள்ளும். அதிலும் நாலாயிரம் கிலோமீட்டர் நீளமும் ஏழு கிலோமீட்டர் ஆழமும் கொண்ட பள்ளத்தின் மேல் அது இறங்குவதைப் பார்த்தவர்கள், பார்த்ததைச் சொல்லத் தெரியாமல் திண்டாடுவார்கள். அந்தக் காட்சியின் பெரிய படம் ஒன்றைத் துளசிமணி அடுக்களை ஜன்னலில், கண்ணாடியே தெரியாதபடி, ஒட்டி வைத்திருந்தாள். ஒட்டிப் பத்து ஆண்டு ஆயிற்று. பூமிக் கணக்கில் பத்தொன்பது. இட்லி ஆவி பட்டு மூலைகள் சுருண்டுவிட்டன.

செவ்வாயில் ஆண்டுக்கு ஒருமுறை பன்னிரண்டு நாள் விடுமுறை. பத்து விடுமுறையிலும் அவர்கள் ஊர் சுற்றத்தான் கிளம்பினார்கள். வடதுருவப் பனியைப் பார்க்கப் போய்ச் சித்தப்பா மகளின் வளைகாப்பைப் பார்த்து வந்தார்கள். எரிமலைக் குகைகளைப் பார்க்கப் போய்ப் பங்காளி கட்டிய புது வீட்டின் குளியலறை ஓடுகளைப் பார்த்து வந்தார்கள். பூமியின் கண்டங்கள் அத்தனையையும் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய நாடு. குடிமக்களோ இருபது லட்சம் பேர்தான். இருந்தும் நல்லசிவம் எந்தத் திசையில் கிளம்பினாலும் வழியில் ஒரு சொந்தக்காரர் வீடு குறுக்கே வந்து நின்றது.

இந்த ஆண்டு சங்கதி வேறு. விளிம்பு மேடைக்கு ஒரு மாலைக்கு நூறு பேரைத்தான் விடுவார்கள், அதுவும் குலுக்கல் முறையில். துளசிமணி பத்து ஆண்டாக மனுப் போட்டு, இந்த முறை அவளுக்குச் சீட்டு விழுந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி மாலை, இரண்டு பேர், நாற்பது நிமிடம். ஒருமுறை சீட்டு விழுந்தவர் மறுபடி மனுப் போட முடியாது.

அவர்கள் கூடத்துச் சுவரில் இருந்த வழிவகுப்பானை எழுப்பினார்கள். பயணத் திட்டம் போடுவதற்கென்றே அரசு வீட்டுக்கு ஒன்று மாட்டிக் கொடுத்த இயந்திரம் அது. மாநாட்டு மேடையில் பிறந்து வளர்ந்ததைப் போலப் பேசும்.

"மாண்புமிகு பயணிகளே, வணக்கம். விழுச்சுரங்கத் தொடரியில் சென்றால் ஒன்பது மணி நேரம். சாளரங்கள் இல்லை. மணற்பேருந்தில் சென்றால் பதினொரு நாள். சாளரங்கள் உண்டு. சேர்ந்த மறுநாளே விடுமுறை நிறைவெய்தும் என்பதைப் பணிவுடன்..."

"சொரங்கத்துலயே போட்டுடு," என்றார் நல்லசிவம்.

"மகிழ்ச்சி. தங்குமிடத்துக்கான முதற்பரிந்துரை: பள்ளத்தூர், திருமதி பருவதம் குப்பண்ணன் இல்லம். இரண்டு நாள் தங்கலாம். காரணம் யாதெனில்..."

"அட, கம்முனு இரு!" துளசிமணி பாய்ந்து அதன் வாயை அடைத்தாள். "பாருங்க, இந்தக் கெரகத்துக்குக் கூட உங்க அக்கா ஊடுதான் தெரியுது."

பருவதம் நல்லசிவத்தின் அக்கா, துளசிமணிக்கு நங்கையா. நான்கு ஆண்டுக்கு முன் பள்ளத்தூரில் வீடு கட்டிக் குடிபோனவள். போகாமல் இருந்தால் கோபித்துக்கொள்வாள். போனால் விட மாட்டாள். ஐந்து வேளை சோறு போட்டு, கிளம்பும் நேரத்தில் வந்தவர்களின் செருப்பை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பது அவள் வழக்கம்.

"அந்த ஊரு டேசன்ல எறங்கித்தான் மேடைக்கே போவோணும்," என்றார் நல்லசிவம். "அவ்வளவு தூரம் போயிட்டு அக்காளப் பாக்காம வந்தா, சாவற வரைக்கும் சொல்லிக் காட்டும்."

"ஏனுங்க, பத்து வருசமா உங்க சனத்தப் பாத்தாச்சு. ஒரே ஒருக்கா சூரியனப் பாக்க விடுங்க."

நல்லசிவம் வெகுநேரம் யோசித்தார். யோசித்து, செவ்வாயில் எல்லோரும் வரும் முடிவுக்கே வந்தார். அக்காவுக்குத் தாக்கல் சொன்னார்: "பன்னெண்டாந் தேதி சாயங்காலம் ஊட்டுக்கு வர்றோமுங்க அக்கா." மறுமுனையில் பருவதம் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "வாங்க தம்பி, வாங்க. உங்க மச்சானும் ஊட்லதான் இருப்பாரு," என்றாள். அந்த ஒரு கணத்தை நல்லசிவம் கவனிக்கவில்லை. மணிக்கட்டில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் தேதி பள்ளத்தூரில் இறங்கினார்கள். ஒன்பது மணி நேரமாக எதையும் பார்க்காமல் நாட்டின் கால் வாசியைக் கடந்திருந்தார்கள். நிலையத்திலேயே இரண்டு பதிலிகளை எடுத்து, முகம் பிடித்து, பலகாரப் பையைக் கையில் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். துளசிமணியின் பதிலி அவளைவிடப் பவ்யமாக இருந்தது. "நங்கையா கேட்டா வெள்ளனயே கெளம்போணும்னு சொல்லு," என்று அதற்குச் சொல்லிவிட்டு அவள் மேடைக்குப் போகும் வண்டியில் ஏறினாள்.

விளிம்பு மேடை என்பது பள்ளத்தின் உதட்டில் நீட்டிக் கட்டிய கண்ணாடிக் கூடம். துளசிமணி உள்ளே நுழைந்தாள். கீழே தரை முடிந்துபோனது மாதிரி ஒரு ஆழம். எதிரே, இன்னும் ஒரு சாண் உயரத்தில், சின்னச் சூரியன். அதன் ஓரத்தில் நீலம் ஊறத் தொடங்கியிருந்தது. இனி நாற்பது நிமிடம் இது என்னுடையது என்று நினைத்தாள்.

"அட, தம்பியா?"

துளசிமணி திரும்பினாள். மூக்குக் கண்ணாடியும் கையில் முறுக்கு டப்பாவுமாகப் பருவதம் நின்றாள். பக்கத்தில் அவள் கணவர் குப்பண்ணன், யாருடைய கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகப் போட்ட தொப்பியோடு.

"அக்கா! நீங்க ஊட்ல இல்லீங்களா?" நல்லசிவம் கேட்டுவிட்டார்.

"தம்பி, நீ எங்க ஊட்ல இல்லியா?" என்றாள் பருவதம்.

அந்தக் கணத்தில் நான்கு பேர் முகத்திலும் ஒரே இரத்தம் ஏறி, ஒரே யோசனை இறங்கியது. நல்லசிவம் முந்திக்கொண்டார். "நாங்க பதிலிங்க அக்கா. அவங்க ரெண்டு பேரும் உங்க ஊட்லதான் இருக்கறாங்க. படம் புடிச்சுட்டு வரச் சொல்லி எங்கள இங்க அனுப்பிச்சாங்க."

"அதான பாத்தேன்," பருவதம் நெஞ்சில் கை வைத்தாள். "நாங்களும் பதிலிதான் கண்ணு. அவங்க அங்க உங்களத்தான் கவனிச்சுக்கிட்டு இருப்பாங்க."

பதிலி பொய் சொல்லாது. மனிதர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஒருவர் சொன்னதை ஒருவர் நம்பினார்களா என்று கேட்பது நாகரிகம் ஆகாது. நம்பாமல் இருப்பது மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பதிலி என்று சொல்லியாகிவிட்டது. பேச்சும் தொடங்கிவிட்டது. ஆகவே நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, கண் எடுக்காமல் நின்றார்கள்.

"அப்புறமுங்க நங்கையா, ஊட்ல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?" என்றாள் துளசிமணி. அவள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கறாங்க அம்மிணி. அங்க மழ பேஞ்சுதா?" என்றாள் பருவதம். செவ்வாயில் மழை பெய்து முந்நூறு கோடி ஆண்டுகள் ஆயிற்று. இருந்தாலும் கேட்காமல் விட முடியாது. அவள் சூரியனைப் பார்த்துத்தான் நின்றாள். நடுவில் துளசிமணியின் தலை இருந்தது.

கூடத்தில் மற்றவர்கள் 'ஆ' என்றார்கள். யாரோ அழுதார்கள். நல்லசிவத்தின் வயிறு காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் நீளமாக ஒரு சத்தம் போட்டது.

குப்பண்ணன் கண்ணை எடுக்காமல் கேட்டார். "மாப்ள, புது மாடலுங்களா?"

"ஆமாங்க மச்சான். புதுசு. வயிறெல்லாம் கத்துது."

"எங்களுதும் அப்படித்தான்," என்றார் குப்பண்ணன், பெரிய ஏப்பம் ஒன்றை விட்டு. "நெசம் மாதிரியே பண்ணியிருக்கறான்."

இதற்கு ஒரே வழி 'போயிட்டு வர்றோம்' என்று சொல்வது. சொல்லிவிட்டால் திரும்பிச் சூரியனைப் பார்க்கலாம். ஆனால் அதை விருந்தாளிதான் சொல்ல வேண்டும், வீட்டுக்காரர் 'இருங்க, என்ன அவசரம்' என்று மூன்று முறை மறுக்க வேண்டும். ஏழு கிலோமீட்டர் பள்ளத்தின் உதட்டில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்? பருவதம் ஊர்க்காரி, தம்பி சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நல்லசிவம் இளையவர், அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தார். மழையைப் பற்றி மறுபடி பேசினார்கள்.

துளசிமணி சூரியன் மறைவதைப் பார்க்காமல் இல்லை. நங்கையாவின் மூக்குக் கண்ணாடியில், இடது பக்கம், அரைக் கட்டைவிரல் அகலத்துக்கு அது தெரிந்தது. நீலம் வந்தது. நீலம் இன்னும் நீலமானது. நங்கையா தும்மினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டபோது இருட்டியிருந்தது.

"நேரம் முடிந்தது, மேடையைக் காலி செய்யவும்," என்றது ஒலிபெருக்கி. நான்கு பேரும் ஒரே குரலில், "அப்போ போயிட்டு வர்றோமுங்க," என்றார்கள்.

திரும்பும் தொடரியில் துளசிமணி ஒன்பது மணி நேரமும், ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த ஒலிம்பஸ் மலையின் சுற்றுலா விளம்பரத்தைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டுக்கு வந்து அடுக்களையில் பால் வைத்தபோதுதான் மணிக்கட்டில் அவளுடைய பதிலியின் அறிக்கை வந்து விழுந்தது. நல்லசிவம் எட்டிப் பார்க்க, அவள் சத்தமாகப் படித்தாள்.

'பருவதம் இல்லத்தில் இரண்டு பதிலிகள் எங்களை வரவேற்றன. நலம் விசாரிப்பு, உபசரிப்பு, மறுப்பு, மீண்டும் உபசரிப்பு எல்லாம் சேர்த்துப் பதினொரு விநாடியில் முடிந்தன. நேரம் மீதி இருந்ததால் நால்வரும் மொட்டை மாடிக்குப் போனோம். அந்த வீடு பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. துணி காயப் போட்டிருந்தார்கள், விலக்கினோம். சூரியன் நீலமாக மறைந்தது. நன்றாக இருந்தது. நீங்களும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம், மனுத் தேவையில்லை. நன்றி.'

கூடத்துச் சுவரிலிருந்து வழிவகுப்பான் தொண்டையைச் செருமிக்கொண்டது. "அன்று தடைப்பட்ட என் வாக்கியத்தின் பிற்பகுதியும் இதுவே என்பதைப் பணிவுடன்..."

"கம்முனு இரு," என்றாள் துளசிமணி. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை. "ஏனுங்க, அடுத்த லீவுக்கு நங்கையா ஊட்டுக்கு நாம நேராவே போயிரலாம். மூணு நாள் ஆனாலும் சரி. செருப்ப ஒளிச்சா ஒளிச்சுட்டுப் போவட்டும்."

அப்போது பருவதத்திடமிருந்து செய்தி வந்தது.

'அம்மிணி, அடுத்த லீவுக்கு நாங்க உங்க ஊட்டுக்கு வர்றோம். பதிலி கிதிலி இல்ல, நாங்களே வர்றோம். எங்க பதிலிகிட்ட உங்க பதிலி என்னமோ சொல்லுச்சாமே. ஒலிம்பஸ் மலையப் பாக்கோணும்னு எட்டு வருசமா மனுப் போட்டும் எனக்குச் சீட்டு விழல. உங்க அடுக்களை ஜன்னல்லயே தெரியுதாமே? சொல்லவே இல்ல பாரு நீ!'

துளசிமணியும் நல்லசிவமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். நீலச் சூரியன் அங்கே பத்து ஆண்டாக மறைந்துகொண்டே இருந்தது. துளசிமணி சுருண்டிருந்த மூலையைப் பிடித்து இழுத்தாள். பசை காய்ந்திருந்ததால் படம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

சூரியக் குடும்பத்திலேயே உயரமான மலையின் அடிச்சுவர், கண்ணாடிக்கு வெளியே, எட்டு கிலோமீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. காலை வெயிலில் அதன் மடிப்புகள் ஒவ்வொன்றும் செம்பாக மின்னின.

பால் பொங்கி வழிந்தது. இருவரும் அசையவில்லை.

"அட!" என்றார் நல்லசிவம். "இத எப்பக் கட்டுனாங்க?"