கரி படாத இடம்

கரி விழுந்திருந்தது. அதில் யோகலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு மொட்டை மேல்தட்டில் அவன் விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு இறங்கிய வெள்ளைத் துணி விடிந்தபோது சாம்பல் நிறமாகக் கிடந்தது. விரலில் திருநீறு போல ஒட்டியது, நாக்கில் வைத்தால் புளித்தது. ஒரேயொரு குறை. துணியின் நடுவில், வலப்பக்கம் சரிந்து முழங்காலைச் சற்று மடக்கிப் படுத்த ஓர் ஆளின் அளவுக்கு, கரி படாமல் வெள்ளையாகவே ஓர் இடம் இருந்தது.

அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். கலாநிதிப் பட்ட ஆய்வின் மேல் எவனோ ஏறி நித்திரை கொண்டிருக்கிறான் என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

வடக்கே வங்காள விரிகுடாக் கரையில் விண்ணுக்கு விடும் றொக்கெட்டுகளின் புகை, வாடைக்காற்றில் கடல் தாண்டி வந்து இக்கரை மண்ணையும் மீனையும் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு. இரண்டு வருடமாகத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்து, துணி விரித்து விரித்து அவன் பிடித்தது உப்பும் காக்கை எச்சமும். கண்டியில் பேராசிரியர் சிரிக்காமல் சொல்லிவிட்டார்: "ஐசே, நீர் பிடிச்சது றொக்கெட் புகை இல்லை. ஆரோ வீட்டுக் குசினிப் புகை." எண்பதாம் ஆண்டு பிறந்தால் உதவித்தொகை நிற்கும். முந்தாநாள் விட்ட றொக்கெட்தான் அவனுக்குக் கடைசி. இதுவும் பிழைத்தால் ஊருக்குப் போய்த் தகப்பனின் முகத்தில் முழிக்க ஏலாது.

அந்த நேரம் பார்த்துத்தான் காற்று அவனுடைய துணிகளைக் கிழித்துக் கடலில் போட்டது. ஹர்த்தால் என்று கடைகளும் பூட்டு. வீட்டுக்காரி உம்மு குல்சுமின் அலுமாரியில் மட்டும் கஞ்சி படாத, கரை இல்லாத, ஆய்வுக்கென்றே நெய்த மாதிரி ஒரு வெள்ளைத் துணி இருந்தது. கேட்டுப் பார்த்தான்.

"வாயைக் கழுவுங்க தம்பி. அது மையத்தை அடக்கம் பண்ணுற கபன் துணி. எங்கட அவருக்கு வாங்கி வச்சது."

"ஒரு நாளைக்குத்தான் ராத்தா. சண்லைட் போட்டுத் தோய்ச்சுத் தாறன்."

"மையத்துக்குப் போர்த்துறதைத் தோய்ச்சுத் தருவீங்களோ? அவர் குச்சவெளிக் கடலுக்குப் போய் ஏழு வருசம். கடல் ஒரு நாளைக்குத் திருப்பிக் குடுக்கும். குடுக்கிற அன்டைக்கு இரவல் துணிக்கா நான் ஓடுற?" பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்து இரங்கினாள் போலும். "உங்கட றொக்கெட்டு மேலதானே போகுது? மேல போறதுக்குக் கீழ ஏன் துணி விரிக்கிறீங்க?"

மறுநாள் காலை அவள் மூதூரில் இருக்கும் மகளைப் பார்க்க லோஞ்ச் படகு ஏறினாள். அலுமாரிக்குப் பூட்டு இல்லை. அது அவனுடைய பிழையா?

இப்போது அவன் கீழே இறங்கி வந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டு மஹ்ரூப் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"நானா, ராத்திரி எங்கட மேல்தட்டில ஆரும் ஏறினவையோ?"

"படி உங்கட வீட்டுக்குள்ளதானே தம்பி இருக்கு. ஏறினா நீங்கதான் ஏறியிருப்பீங்க." மஹ்ரூப் துப்பினார். "நித்திரையில நடக்கிற வருத்தம் ஏதும் இருக்கோ?"

வாசல் கதவு உள்ளால் பூட்டியபடியே இருந்தது. யோகலிங்கம் திரும்ப மேலே போய் அந்த வெள்ளை இடத்தில் உள்ளங்கையை வைத்தான். வெயில் ஏறிய பிறகும் அது ஈரமாக, கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்திருந்தது. குனிந்து மணந்து பார்த்தான். மண்ணெண்ணெய், நனைந்த கயிறு, அடியில் வேறொன்று.

ஆனாலும் கரி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. துணியை மறுபக்கம் புரட்டி விரித்தால் ஒரு நாள் பதிவாவது முழுதாகக் கிடைக்கும். புரட்டினான். கதிரை ஒன்றைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுக் காவல் இருந்தான்.

மத்தியானம் சாய்ந்தபோது வானம் ஈயம் போலத் தணிந்து வந்து துறைமுகத்து மலைகளின் முதுகில் படுத்துக்கொண்டது. இவ்வளவு நேரமும் கேட்ட காகங்களும், கப்பல் பட்டறைச் சுத்தியலும், வீதியில் சைக்கிள் மணியும் ஒவ்வொன்றாக, யாரோ வரிசையாக வாயைப் பொத்திக்கொண்டு வருவது போல அடங்கின. நாலாபக்கமும் காற்றில்லாமல் கரி மட்டும் மெல்ல மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கியது.

துணியின் ஓரங்களில் படிந்தது. நடுவில் படியவில்லை.

நடுவில் அது துணிக்கு ஒரு சாண் மேலேயே நின்றது. வெறும் காற்றில். முதலில் ஒரு வளைவு. தோள். பிறகு இடுப்பு. பிறகு ஒரு காது, மடல் மடலாக. ஆண் தாடி ஒன்றின் மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கறுத்தது. மூடிய கண்ணில் இமை முடி.

இமை அசைந்தது. அதிலிருந்த கரி உதிர்ந்தது.

ஓடியிருக்கலாம். படி மூன்று எட்டில் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் அந்தத் துணியில் கிடந்தது. "என்ட சாம்பிள்," என்றான் யோகலிங்கம், தனக்கே கேட்காத குரலில். செங்கல்லைத் தட்டிவிட்டு, மூலையைப் பிடித்து இழுத்தான்.

மறுமூலை இழுத்தது.

கீழே சாவி திரும்பியது. "தம்பி! லோஞ்ச் முந்தி வந்திட்டுது. என்ன இது, வீடு முழுக்கக் கடல் நாத்தம்?" அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம். பிறகு படியில் செருப்பு.

வராதீங்க ராத்தா. மூலையை அவன் விடவில்லை.

உம்மு குல்சும் மேல்படியில் நின்றாள். துணியைப் பார்த்தாள். துணியில் எழுந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். முக்காட்டை நேராக்கிக்கொண்டு அதன் முன்னால் முழங்காலில் அமர்ந்தாள்.

"இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?"

கரி வாய் திறந்தது. பதில் சொல்லத்தான் திறந்தது. தண்ணீர் வந்தது. கறுப்பாக, குளிராக, ஓசையில்லாமல். அவளுடைய மடி நிறைந்தது. மேல்தட்டு நிறைந்தது. படியால் இறங்கி வீட்டுக்குள் ஓடியது. நிற்கவில்லை.

"சொல்லுங்க," என்றாள் அவள். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கிறன்."

யோகலிங்கம் துணியை விட்டுவிட்டான். விட்டுவிட்டதாகத்தான் நினைத்தான். கை விரியவில்லை. குனிந்து பார்த்தான். அவனுடைய மூடிய கையின் மேல், கரி மெதுவாக இறங்கி, இன்னொரு கையின் ஐந்து விரல்களை வரைந்துகொண்டிருந்தது.