மேல்வீட்டுப் பதியன்கள்

ஜெரேனியம் தொட்டியில் விரலை விட்டுப் பார்த்தபோது மண் ஈரமாக இருந்தது.

ரௌஷான் விரலை எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். நகத்தடியில் கறுப்பு மண் குழைந்து ஒட்டியிருந்தது. போன வாரம் அவள் ஊற்றிய தண்ணீருக்கு இத்தனை ஆயுசு கிடையாது. ஜன்னலுக்குக் கீழே சூடு கக்கிக்கொண்டிருந்த வெந்நீர்க் குழாய்கள் இரண்டே நாளில் எந்த மண்ணையும் பொருக்குத் தட்ட வைத்துவிடும். பக்கத்து ஜன்னலில் பெகோனியாவைத் தொட்டாள். அதுவும் ஈரம். அடுத்திருந்த கற்றாழை மட்டும் காய்ந்து கிடந்தது. குளிர்காலத்தில் கற்றாழைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது. ஊற்றியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நிரம்பிய தண்ணீர்க் குவளையோடு அவள் அந்த வீட்டின் நடுவில் நின்றாள். வெளியே ஸ்டெப்பிப் புல்வெளியிலிருந்து கிளம்பிய பனிக்காற்று கரகண்டா நகரத்துக் கட்டடங்களின் மூலைகளில் மோதி முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் பூத்திருந்த பனிக்கு இந்தப் பக்கம், பழைய கம்பளித் துண்டின் மேல் வரிசையாக நின்ற செடிகள் அசையாமல் இருந்தன. ஈரமண், பழைய மரச்சாமான், துவைத்த திரைச்சீலை என்று அந்த வீட்டுக்கே உரிய மணத்துக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. லேசாகப் புளித்த வாசனை. அது என்ன என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

மேல்வீட்டுக்காரி எம்மா கார்லொவ்னா ஜெர்மன்காரி. கண் ஆபரேஷனுக்காக ஜெர்மனியில் இருக்கும் மகளிடம் போயிருந்தாள். முதல் பனி விழுந்த அன்றைக்குச் சாவியை ரௌஷானின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுச் சொன்னாள்:

"வீட்டுல தூசி இருந்தா இருக்கட்டும்மா. செடியைப் பாத்துக்க. குளிர்காலத்துல அதுங்க தூங்கும். தூங்கறதை எழுப்பி ஊட்டாத, தெரியுதா?"

ஒரே சாவிதான். அது ரௌஷான் வீட்டு நடையில், கோட்டு மாட்டும் ஆணியில் தொங்கியது.

அன்று சாயங்காலம் சூப்பை ஊற்றிக்கொண்டே கணவனிடம் கேட்டாள்.

"எர்கென், எம்மா வீட்டுக்கு நீ போனியா?"

"எனக்கென்ன வேலை அங்க?" என்றான் அவன், ரொட்டியைப் பிட்டபடி. பிறகு சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்கு உறுத்தியது. வசந்தத்தில் அவர்களுடைய ஒரே மகள் இன்கார் மூளைக்காய்ச்சலில் போனதிலிருந்து எர்கென் சிரித்ததில்லை. சுரங்க வேலையை விட்டான். கோடை முழுக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துக் கிடந்தான். குழாய் ஒழுகுகிறது, கதவு இறுக்குகிறது என்று ஏதாவது சொல்லி எம்மாதான் அவனை மேலே கூப்பிட்டு எழுப்பி நடமாட விட்டாள். அப்போதும் அவன் சிரிக்கவில்லை. இப்போது, எம்மா போன பிறகு, சிரிக்கிறான்.

கீழ்வீட்டு தில்யாரா மாடிப்படியில் அவளை மறித்தாள்.

"உன் வீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கிட்டே மாடி ஏறுறாரே, என்ன விசேஷம்?"

"மாடியா?"

"நீ வேலைக்குப் போன அப்புறந்தான். கையில ஏதோ பாத்திரம் வேற. எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரே, கல்யாணத்தன்னிக்குப் பாடினதுதான், அப்புறம் வாயே திறக்கலை. நீ குடுத்து வச்சவ போ!" என்று தில்யாரா கண்ணைச் சிமிட்டினாள். அந்தச் சிமிட்டலில் கேலி பாதி, இரக்கம் பாதி.

ரௌஷானுக்குக் காது மடல் சுட்டது.

அதன் பிறகு அவள் கண் அவனை விட்டு அகலவில்லை. அவன் குளித்துவிட்டுச் சட்டை மாற்றுவதைப் பார்த்தாள். புளித்த பால் வைத்திருந்த சட்டி முன்னைவிடச் சீக்கிரம் காலியாவதைப் பார்த்தாள். ஒருநாள் அவன் தூங்கும்போது அவனுடைய சட்டைக்கையை முகர்ந்தாள். மேல்வீட்டில் பிடிபடாமல் போன வாசனை அங்கே இருந்தது. இந்த ஊரில் பெண்கள் புளித்த பாலைத் தேய்த்துத்தான் தலைமுடியை அலசுவார்கள். அவன் சட்டையில் இருந்தது, தலை அலசி முடி உலர்த்திய ஒரு பெண்ணின் வாசனை.

அடுத்த முறை மேலே போனபோது அவள் குவளையை எடுத்துப்போகவில்லை. வீட்டைத் துழாவத்தான் போனாள். படுக்கை கலையவில்லை. தேநீர்க் கோப்பைகள் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. பால்கனியில் எம்மா ஊறுகாய் போட அடுக்கியிருந்த பெரிய கண்ணாடி ஜாடிகளை மட்டும் காணவில்லை. சமையலறைத் தொட்டியில், தண்ணீர் இறங்கும் ஓட்டையின் சல்லடையில், ஒரு முடி சிக்கியிருந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. கறுப்பு, நீளம், பளபளப்பு. ரௌஷானின் முடி கழுத்தோடு வெட்டியது. பாதி நரைத்தது.

வாலிபப் பெண் என்று நினைத்துக்கொண்டாள். முடியை விரலில் சுற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் செடிகளைக் கவனித்தாள். போன வாரம் எல்லாத் தொட்டிகளையும் ஜன்னல் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள். செடி வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சாயும். இப்போது எல்லாமே கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றன. ரப்பர் செடியின் இலைகள், ஜெரேனியத்தின் மெலிந்த காம்புகள், குவளையில் வேர்விட வைத்திருந்த ஃபூஷியாத் தண்டுகள்கூட, வீட்டின் உட்புறத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இருட்டான நடைவழியைப் பார்த்து. அதன் கடைசியில் இருந்த சாமான் அறையைப் பார்த்து.

ஜன்னலே இல்லாத அறை அது. வெந்நீர்க் குழாய்கள் அதன் வழியாகத்தான் மேலே ஏறும். அதனால் வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம். எம்மா இருந்தவரை அதற்குப் பூட்டு கிடையாது. இப்போது புதுப்பூட்டு தொங்கியது.

ரௌஷான் சுவரைப் பிடித்தபடி நடந்து போனாள். புளித்த வாசனை அடர்ந்துகொண்டே வந்தது. கதவில் காதை வைத்தாள். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம். அதற்கு அடியில் வேறொரு சத்தம். கண்ணாடியின் மேல் ஈரவிரல் இழுபடுவதுபோல. விட்டு விட்டு. மெதுவாக.

"யாருடி உள்ள?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "வெளிய வா. மூஞ்சியைப் பாக்கறேன்."

சத்தம் நின்றது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. மேலே, கீழே, கதவுக்கு மிக அருகில் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் நின்றது.

அவள் படிகளில் எப்படி இறங்கினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். அழவில்லை. உடம்பு முழுக்க எரிந்தது. குழந்தை போய் ஒரு வருடம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் இவனுக்கு இன்னொருத்தி கேட்கிறதா? எவளையோ கொண்டுவந்து, கண் தெரியாத கிழவியின் வீட்டில் பூட்டி வைத்து, இவள் தோய்த்து வைத்த பாலையே எடுத்துப்போய் அவளுக்குத் தலை அலசி விடுகிறானா?

பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எறிந்தாள். இன்காரின் பொருட்கள் அடியில் இருந்தன. அதை மட்டும் இங்கே விட்டுப்போக மனம் வரவில்லை. பள்ளிச்சீருடை. கம்பளிக் கையுறை. பிறகு, வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம். காய்ச்சல் தலைக்கேறியபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையின் பின்னலைக் கத்தரித்து அம்மாவின் கையில் கொடுத்திருந்தாள். இடுப்புவரை நீண்ட பின்னல். அதை வெட்டும்போது இன்கார் கண் திறந்து பார்த்தாள். "மறுபடி வளருமாம்மா?" என்று கேட்டாள். "வளரும்டி தங்கம்" என்று ரௌஷான் சொன்னாள்.

துணி கனமில்லாமல் கையில் வந்தது.

பிரித்தாள். வெறும் துணி. மடிப்பு கலையாமல், உள்ளே ஒன்றுமில்லாமல்.

அவள் தன் விரலைப் பார்த்தாள். சமையலறைத் தொட்டியிலிருந்து எடுத்த முடி இன்னும் அங்கே சுற்றியிருந்தது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இந்த மாதங்களில் பொழுது சீக்கிரமே செத்துவிடும். நடைக்கு வந்தாள். ஆணியில் சாவி இல்லை. ஓடிவந்த வேகத்தில் அதை எம்மா வீட்டுக் கதவிலேயே விட்டு வந்திருந்தாள்.

படி ஏறினாள். எம்மா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே விளக்கு இல்லை. ஜன்னலில் எஞ்சியிருந்த பனியின் நீலத்தில், செடிகள் எல்லாம் முதுகைக் காட்டி நின்றன. நடைவழியின் கடைசியில் மஞ்சள் கீற்று. யாரோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். எர்கென். தாலாட்டு.

"எர்கென்."

பாட்டு நின்றது.

"உள்ள வந்து கதவைச் சாத்து," என்றான் அவன். கோபமில்லாத குரல். "குளிர் பட்டா கருகிடும்."

அவள் போனாள். சாத்தினாள். ஏன் சாத்தினாள் என்று தெரியவில்லை.

அறை அனலாக இருந்தது. தரையில் மண்ணெண்ணெய் விளக்கு. எர்கென் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். மடியில் பால் சட்டி. கையில் கரண்டி. அவனைச் சுற்றி, தரையிலிருந்து கூரைவரை, பலகைகளில் மண் தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்து வைத்த கண்ணாடி ஜாடி. ஒவ்வொரு ஜாடியும் உள்ளே வேர்த்து வெள்ளையாக மூடியிருந்தது.

"உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றான். "பிடிச்ச அப்புறம் சொல்லலாம்னு. பட்டுப்போயிடுச்சுன்னா நீ தாங்க மாட்டே."

"என்ன பிடிச்ச அப்புறம்?"

"செத்த தண்டு வேர் விடாது, ரௌஷான். உயிரோட இருக்கறப்ப வெட்டினதாத்தான் இருக்கணும். கிழவி தண்டு வெட்டறப்பல்லாம் சொல்லும். அவளுக்கு இது தெரியாது. நானா யோசிச்சேன்." அவன் முகத்தில் கண்ணீர் வழிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். "அது உயிரோட இருக்கறப்ப வெட்டினதுதானே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல முழுசா வைக்கலாம்னுதான் பாத்தேன். நீளமா இருந்துச்சு. துண்டு போட்டேன். ஒண்ணு அழுகினா இன்னொண்ணு இருக்கட்டுமேன்னு." அவன் பலகைகளை அண்ணாந்து பார்த்தான். "ஒண்ணுகூட அழுகலை. எல்லாமே பிடிச்சுக்கிச்சு."

"எர்கென், கீழ போலாம் வா. எழுந்திரு."

"பெரிய தொட்டிக்கு மாத்தணும். என் ஒருத்தன் கையால ஆகாது. நீ பிடிச்சுக்க, நான் மாத்தறேன்." விளக்கைத் தூக்கினான். "கூப்பிட்டுப் பாரேன். நான் கூப்பிட்டா அவ்வளவா அசையறதில்லை. உன் குரலைத்தான் தேடுதுங்க. மத்தியானம் நீ கதவுக்கு வெளிய கத்தினியே, மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு, அதுலேர்ந்து ஒண்ணும் தூங்கலை."

கூப்பிடக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். திரும்பிக் கதவைத் திறந்து ஓட வேண்டும். தில்யாராவைக் கூப்பிட வேண்டும். இந்த ஜாடிகளை எல்லாம் உடைக்க வேண்டும்.

உடைத்தால்?

அவள் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. கை திரும்பவில்லை. எட்டு மாதமாகச் சொல்லாத பெயர் தொண்டையில் ஏறி வந்தது.

"இன்கார்..."

ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர். திரியின் சிறு பொரிவு.

பிறகு, அவள் கண்ணுக்கு நேராக இருந்த ஜாடியில், உள்பக்கத்திலிருந்து, பாதாம் பருப்பளவு வெளிறிய ஏதோ ஒன்று கண்ணாடியில் ஒட்டியது. ஈரத்தை வழித்துக்கொண்டு கீழே இறங்கியது. ஒரு கோடு தெளிந்தது. பக்கத்து ஜாடியில் இன்னொரு கோடு. அதற்கு மேல் ஒன்று. காலடியில் ஒன்று. கூரையை ஒட்டிய வரிசையில். அவள் முதுகுக்குப் பின்னால், கதவோரப் பலகையில்.

தெளிந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால், கறுத்து, ஈரமாய், இமையில்லாத ஒன்று நெருங்கி வந்து அவளைப் பார்த்தது.